காசும் உயிரும் கசியும் வழி

கார்த்திகை மாதத்து மழை மூன்று நாளாக விடாது பெய்துகொண்டிருந்தது. எமது மேசைமீது உயர்தர வகுப்பு மாணவரின் பௌதிகவியல் விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. இரவு எட்டு மணியளவில் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தோம், வீடு இருண்டது. அயல் வீடுகளிலோ வெளிச்சம் இருந்தது. விறாந்தைச் சுவரிலுள்ள மின்பலகையைக் கைவிளக்கின் ஒளியிற் பார்த்தபோது, 'றிப் சுவிச்சு' என்று நாம் எல்லோரும் அழைக்கும் அந்தச் சிறு காவற்காரன் கீழே விழுந்திருந்தான். தூக்கிவிட்டோம், வெளிச்சம் வந்தது. மறுநாள் இரவும் அதே நேரத்தில் அதே கதை நிகழ்ந்தது.

"தம்பி, நான் குசினி கழுவுற நேரத்திலைதான் இது விழுகுது. ஒருக்காக் கவனிச்சுப் பார்" என்றார் எம் அன்னையார்.

"மழை ஈரம் அம்மா. சுவர் காய்ஞ்சால் சரிவரும்" என்றோம் நாம்.

மூன்றாம் நாள் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் ஒரு காலத்தில் எம்மிடம் படித்தவர். "சேர், எங்கேயோ கசிவு இருக்குது. வீட்டு வயறிங் முழுவதையும் பார்க்க ஒரு நாள் வேணும்" என்றார். எமக்கோ தாள்களைத் திருத்திக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அந்தச் சுவிச்சை விலக்கிக் கம்பியை நேரே தொடுத்துவிடுமாறும், மழை விட்டபின் மிகுதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூறினோம். "அது சரியில்லை சேர்" என்று அவர் தயங்கினார். நாம் வற்புறுத்தினோம். படிப்பித்த ஆசிரியரின் சொல்லை மறுக்க இயலாமல், மனமின்றி அவர் அவ்வாறே செய்துவிட்டுப் போனார்.

அன்றிரவு வெளிச்சம் போகவில்லை. தாள்கள் திருத்தப்பட்டன. மறுநாட் காலை, கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலுடன் பாத்திரம் ஒன்றை ஏந்திச் சென்ற எம் அன்னையாரின் புறங்கை, குளிர்சாதனப் பெட்டியின் இரும்புப் பக்கத்திற் பட்டது. பாத்திரம் விழுந்த ஓசை கேட்டு நாம் ஓடிச் சென்றபோது அவர் எதிர்ச் சுவரோடு சாய்ந்து கிடந்தார்.

அன்னையார் பிழைத்தார். ஆசுபத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து இதயத் துடிப்பைச் சோதித்துப் பார்த்து அனுப்பிவிட்டனர். புறங்கை பட்டமையாற் கை உதறி விலகிற்று. உள்ளங்கையாற் பெட்டியைப் பற்றியிருந்தாரானால், மின் பாயும்போது தசைகள் இறுகிவிடும்; பற்றிய கையை அவர் விரும்பினாலும் விடுத்திருக்க இயலாது. வீட்டுக்கு வந்தபின் அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நான் சொன்னனான்தானே தம்பி" என்று மாத்திரம் கூறினார்.

பின்னர் அந்த இளைஞர் வந்து பெட்டியை நகர்த்திப் பார்த்தார். பின்புறத்திலே எலி கடித்த கம்பியொன்று காவலுறை இழந்து இரும்பிற் பட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைப் புவியோடு தொடுக்கும் கம்பியோ சுவர்க் குதையினுள் என்றோ கழன்றிருந்தது. தரை காய்ந்திருந்தபோது கசிந்த மின் வழியின்றிப் பெட்டியிலேயே காத்திருந்தது. அன்னையார் தரையைக் கழுவியதும் ஈரத்தின் வழியே நிலத்துக்கு ஓடிற்று. அந்த ஓட்டத்தைக் கண்டே சுவிச்சு ஒவ்வொரு நாளும் விழுந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எம் அன்னையார், காரணத்தையும் காரியத்தையும் இணைத்து ஒரு நல்ல அவதானிப்பைச் செய்திருந்தார். பட்டதாரியாகிய நாம் அதைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

இக்கதையை ஈண்டு எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மின்சாரச் சிக்கனம் என்றால் மின்பட்டியலைக் குறைப்பது. மின்சாரப் பாதுகாப்பு என்றால் விபத்தைத் தவிர்ப்பது. இவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. சக்தி, அது மின்னாயினும் எரிவாயுவாயினும் மண்ணெண்ணெயாயினும், செல்லவேண்டிய வழியை விட்டு வேறு வழியிற் செல்லும்போதே காசும் வீணாகின்றது, ஆபத்தும் பிறக்கின்றது. கசிவைத் தேடும் கண் ஒன்றே இரண்டையும் காக்கும். அக்கண்ணோடு நம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம்.

சிறு காவற்காரன் செய்யும் வேலை

முதலில் அந்தச் சுவிச்சையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின் 230 வோல்ற்று அளவினது. உயிர்க்கம்பி வழியே உட்செல்லும் மின்னோட்டம் அத்தனையும் நொதுமற் கம்பி வழியே திரும்பி வருதல் வேண்டும். றிப் சுவிச்சு இவ்விரண்டையும் இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கின்றது. போனது முழுவதும் வரவில்லையாயின், மிகுதி எங்கோ கசிகின்றது என்பது பொருள். வீடுகளிற் பொருத்தப்படும் சுவிச்சுக்கு அவ்வேறுபாட்டின் எல்லை பெரும்பாலும் 30 மில்லியம்பியர். அதை எட்டியதும் ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்குக்குள் அது மின்னைத் துண்டித்துவிடும்.

இந்த 30 மில்லியம்பியர் எவ்வளவு சிறியது என்பதை மாணவர்கள் ஓமின் விதியைக்கொண்டு தாமே கணிக்கலாம். ஈரமான மனித உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ற்றை 1000 ஓமால் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லியம்பியர் வரும். சுவிச்சு விழவேண்டிய எல்லையைப்போல் இஃது ஏழு மடங்குக்கும் அதிகம். இதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு இது போதும். ஆகவே மனிதனைக் காக்க வல்லது அச்சுவிச்சின் விரைவே.

இச்சுவிச்சின் முகத்திலே ஆங்கில 'ரீ' எழுத்துப் பொறித்த ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சுவிச்சு உடனே விழவேண்டும். விழாவிடின் அது பழுதடைந்தது என்று கொள்க. மாதத்திற்கு ஒரு முறை இச்சோதனையைச் செய்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. பல வீடுகளில் அப்பொத்தான் பொருத்திய நாளிலிருந்து ஒரு விரலும் படாமலே இருக்கின்றது.

சுவிச்சு அடிக்கடி விழுமானால் அதனை வைதல் தகாது. வீட்டிலுள்ள எல்லாச் செருகிகளையும் கழற்றிவிட்டுச் சுவிச்சைத் தூக்கி, பின் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகின்றதோ அங்கே பெரும்பாலும் குற்றவாளி அகப்படுவான். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் விழுமானால் பழுது சுவருக்குள் இருக்கின்றது. அது தகுதிபெற்ற மின்வேலையாளரின் பணி. புவித்தொடுப்பையும் அவரைக்கொண்டே சோதிப்பித்தல் வேண்டும். புவிக்கம்பி நன்றாயிருந்தால், கசியும் மின் மனித உடலைத் தேடாமல் நிலத்தை நாடும். யாரும் தொடுமுன்னரே சுவிச்சு விழுந்துவிடும். எமது வீட்டிற் குதையினுள் கழன்றிருந்தது இந்தக் கம்பியே. மூன்று கால்களுடைய செருகியின் ஒரு காலை ஒடித்து, இரு துளைக் குதையினுள் திணிப்போர் தம் கையாலேயே இக்காவலை அறுத்தெறிகின்றனர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருங்கே ஒருவர் தொட்டுவிட்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்குமாதலின் றிப் சுவிச்சு வாளாவிருக்கும். அளவுக்கு மிஞ்சிய பளுவையும் அது அறியாது. காவற்காரன் உண்டென்று கதவைத் திறந்துபோட்டு உறங்குதல் அறிவுடைமையாகாது.

சூடேறும் செருகி

இனி அளவுக்கு மிஞ்சிய பளுவைப் பார்ப்போம். சதுரக் கால்கள் மூன்றுடைய 13 அம்பியர்ச் செருகியே இன்று நம் நாட்டின் நியமம். 13 அம்பியரை 230 வோல்ற்றாற் பெருக்கினால் ஏறக்குறைய 3000 வாற்று. ஒரு குதை தாங்கும் எல்லை அவ்வளவே. காலை வேளையில், பாடசாலைக்கும் கந்தோருக்கும் புறப்படும் அவசரத்திலே, ஒரே நீட்டுக் கம்பியில் 2000 வாற்றுக் கேத்தலையும், 700 வாற்று றைஸ் குக்கரையும், 1000 வாற்று மின்னழுத்தியையும் செருகுகின்றோம் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 3700 வாற்று. மின்னோட்டம் 16 அம்பியர்.

மின்னோட்டம் இரு மடங்கானாற் கம்பியிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது மாணவர் அறிந்த விதி. இவ்வெப்பத்தாற் சோறு வேகாது, நீர் கொதிக்காது, கம்பியின் உறையே இளகும். ஆயினும் மின்மானி அதனையும் எண்ணிக் கணக்கிற் சேர்த்துவிடும். செருகியைத் தொட்டுப் பார்க்கையிற் கை சுடுமானால், அல்லது குதையின் ஓரம் மஞ்சளித்துக் கருகிய மணம் வீசுமானால், அங்கே காசும் கசிகின்றது. தீயும் பிறக்கக் காத்திருக்கின்றது. தளர்ந்த குதையை மாற்றுவதற்கு ஆகும் செலவு எரிந்த கூரையை வேய்வதற்கு ஆகும் செலவன்று. வெப்பம் உண்டாக்கும் சாதனம் எதனையும் சுவர்க் குதையிலேயே தனித்துச் செருகுவது நன்று. நீட்டுக் கம்பியைப் பாயின் கீழும் கதவிடுக்கிலும் ஓடவிடுதலும், சுருளாகச் சுற்றியபடியே பயன்படுத்துதலும் கூடா. சுருளினுள் வெப்பம் அடைபட்டுக் கம்பி விரைவிற் கெடும்.

ஓர் அலகின் பெறுமதி

மின்பட்டியலில் நாம் காணும் ஓர் அலகு என்பது 1000 வாற்றுச் சாதனமொன்று ஒரு மணி நேரம் உண்ணும் மின். அதனைக்கொண்டு 1000 கிலோகிராம் சுமையை 360 மீற்றர் உயரத்திற்குமேல் தூக்கலாம். சிகிரியாக் குன்றைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான உயரம் அது. இத்தகைய பெரும் வேலையைச் செய்யவல்ல ஒன்றை நாம் எவ்வாறு செலவிடுகின்றோம்?

இரண்டு கோப்பை தேநீருக்கு 400 மில்லிலீற்றர் நீர் போதும். நாமோ 1.7 லீற்றர்க் கேத்தலை நிரப்பிக் கொதிக்க வைக்கின்றோம். 30 பாகையில் உள்ள நீரை 100 பாகைக்கு உயர்த்த, நிறைந்த கேத்தலுக்கு 0.14 அலகு செல்லும். இரண்டு கோப்பைக்கு 0.03 அலகளவே செல்லும். நாளுக்கு மூன்று முறை இவ்வாறு செய்யும் வீட்டில் மாதத்திற்கு ஏறக்குறைய 9 அலகு, ஆறிப்போகும் நீராய் வீணாகின்றது. வேண்டிய அளவே ஊற்றுக; அல்லது காலையில் ஒருமுறை கொதிக்கவைத்துச் சுடுநீர்ப் பிளாஸ்கில் வைத்துக்கொள்க.

60 வாற்றுப் பழைய மின்குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 9 அலகு செல்லும். ஏறக்குறைய அதே ஒளியைத் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றேகால் அலகுக்குச் சற்று மேலாகவே செல்லும். பழைய குமிழ் உண்ட மின்னிற் பெரும்பகுதி ஒளியாகவன்றி வெப்பமாகவே கசிந்தது. அதனைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவர்கள் இதனை அறிவர். மின்விசிறியோ இரவு முழுவதும் சுழன்றாலும் ஓர் அலகைத் தாண்டுவது அரிது. ஆகவே வெப்பம் தரும் சாதனங்களை முதலிற் கவனியுங்கள். விசிறியை நிறுத்தச்சொல்லிப் பிள்ளைகளைப் புழுக்கத்தில் வருத்துவது பின்னர் இருக்கட்டும்.

கொழும்பிலும் மலைநாட்டிலும் பல வீடுகளிற் குளிப்பறையில் உடனுக்குடன் நீரைச் சுடவைக்கும் சாதனம் உண்டு. 3500 வாற்றுச் சாதனத்தின்கீழ் நால்வர் நாளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் மாதத்திற்கு 70 அலகு ஆகின்றது. கட்டணம் படிப்படியாக உயரும் நம் நாட்டு முறையில், கடைசியிற் சேரும் அலகுகளே விலை கூடியவை என்பதையும் நினைவிற்கொள்க. இச்சாதனம் 15 அம்பியரை இழுப்பதால் 13 அம்பியர்க் குதையிலே செருகத்தக்கதன்று. தனிக் கம்பியும் தனி உருகியும், பிழையற்ற புவித்தொடுப்பும் அதற்கு வேண்டும். ஈரத்தில் நிற்பவரின் தலைக்குமேல் இருப்பது அது.

வாளித் தண்ணீருள் இட்டுச் சுடவைக்கும் மின்சுருளோ இன்னும் கொடியது. சுவிச்சை நிறுத்திச் செருகியைக் கழற்றிய பின்னரே நீரைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அச்சுருள் இல்லாதிருப்பதே நலம்.

துணிகளை நாள்தோறும் ஒவ்வொன்றாய் அழுத்தினால், ஒவ்வொரு நாளும் அழுத்தியைப் புதிதாகச் சூடாக்கவேண்டியுள்ளது. ஞாயிறு பகலில் ஒரு வாரத்துக்குரியவற்றை ஒருங்கே அழுத்துவது நன்று. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நேரத்திலே நாடெங்கும் விளக்குகள் எரிகின்றன. கூரைகளிற் பதித்த சூரிய மின்தகடுகளோ அப்போது உறங்குகின்றன. அந்நேரத்தில் எண்ணெய் எரிக்கும் மின்னிலையங்களையும் ஓட்ட நேர்கின்றது. அழுத்தும் வேலையைப் பகலுக்கு மாற்றுவது நாட்டுக்கும் ஒரு சிறு உதவியாகும்.

மின்வெட்டு வேளையில் வேறோர் ஆபத்து உண்டு. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின் இல்லாதிருந்ததை நாம் மறந்துவிடவில்லை. துணி அழுத்திக்கொண்டிருக்கையில் மின் போனால், அழுத்தியைப் பலகையிற் கிடத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவோம். வீட்டைப் பூட்டி வெளியிற் சென்றிருக்கும்போது மின் திரும்பி வரும். மின் போன மறுகணமே செருகியைக் கழற்றுதல் ஒரு பழக்கமாகவே வேரூன்ற வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம்

இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் சாதனம் குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவின் இறப்பர் விளிம்பு தளர்ந்தாற் குளிர் கசியும். மோட்டார் ஓயாது ஓடும். பத்திரிகைத் தாளொன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் விளிம்பை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. சுடுசோற்றையும் கறியையும் ஆவி அடங்கியபின் மூடி உள்ளே வையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டவிடாமற் காற்றுப் போகச் சிறிது இடம் விடுங்கள்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை செருகியைக் கழற்றிப் பெட்டியை முன்னே இழுத்துத் தூசி துடையுங்கள். தூசி நீங்கினால் மோட்டாருக்கு வேலை குறையும், பட்டியலும் குறையும். அத்துடன் கம்பியை எலி கடித்திருக்கின்றதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நாம் அவ்வருடம் ஒருமுறையேனும் தூசி துடைத்திருப்போமாயின், எம் அன்னையார் சுவரோடு சாய்ந்து கிடந்த காட்சியைக் கண்டிருக்கமாட்டோம். சிக்கனத்திற்குரிய வேலையும் பாதுகாப்புக்குரிய வேலையும் ஒன்றே என்று நாம் கூறுவது இதனாலேயே.

எரிவாயு அடுப்பு

குசினியில் நிற்கும்போதே எரிவாயுவையும் பார்த்துவிடுவோம். 2021 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தவண்ணமிருந்தன. ஆராய்வதற்கு ஒரு குழுவும் நியமிக்கப்பட்டது. பயத்தாற் பலர் மீண்டும் விறகை நாடினர். பயத்தினும் அறிவு சிறந்த துணை. இவ்வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் மேலெழாது, தரையோடு பரவித் தாழ்ந்த இடத்திலே தேங்கும். வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை மூக்குக்கு அறிவிப்பதற்காகவே நாற்றமுள்ள பொருளொன்று சேர்க்கப்படுகின்றது.

மணம் வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிச்சினுள் எழும் சிறு பொறியே போதும். சிலிண்டரின் வாயை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுக. குழாயும் இணைப்பும் கசிகின்றனவா என்பதைச் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தாற் கசிவு உண்டு. தீக்குச்சியைப் பிடித்துப் பார்ப்பவர்களும் உளர். அவர்கள் அதிட்டசாலிகளாக இருந்தமையாலேயே இன்றும் உளர். இரவிற் படுக்குமுன் அடுப்பின் திருகியை மாத்திரமன்றிச் சிலிண்டரின் வாயையும் மூடுதல் நன்று.

வாயுவை மிச்சம் பிடிக்கப் பெரிய தந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கடலையையும் பயற்றையும் முதல் நாள் இரவே ஊறவையுங்கள். பானையை மூடிச் சமையுங்கள். கொதித்தபின் தீயைக் குறையுங்கள். பானையின் அடியைத் தாண்டிப் பக்கங்களில் ஏறும் சுவாலை சோற்றுக்கு உதவாது. சேலைத் தலைப்பைப் பற்றுவதற்கே உதவும்.

ஒரு சிறு போத்தல் விளக்கு

பிள்ளைப் பருவத்தில் நாம் மின்சாரமே அறியாதவர்களாய் வளர்ந்தோம். 1990 ஆம் ஆண்டு யுத்தத்தினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின் நின்றபோது எமக்குப் பத்து வயது; மண்ணெண்ணெயோ கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாளில் வீடுதோறும் எரிந்தது 'சிக்கன விளக்கு'. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அதிற் சில கரண்டி எண்ணெயை ஊறவிட்டுத் திரியைப் போத்தலின் உள்ளேயே எரியச் செய்வர். எம் அன்னையார் அவ்விளக்கைத் தம் கையாலேயே செய்து தந்தார். அதன் ஒளியிலேயே நாம் வாய்பாடும் படித்தோம், பின்னர் ஓமின் விதியும் படித்தோம்.

எண்ணெயைச் சேமிப்பதற்காக எழுந்த அவ்விளக்கில் ஒரு பாதுகாப்பும் அமைந்திருந்ததை இப்போது உணர்கின்றோம். எண்ணெய் பஞ்சிலே பிடிபட்டிருந்தமையால், தட்டுப்பட்டுச் சரிந்தாலும் வெள்ளமாய்ச் சிந்தவில்லை. சுவாலையும் போத்தலினுள் அடங்கியிருந்தது. இதற்கு மாறாக, நாட்டின் ஏனைய பாகங்களில் ஏழை வீடுகளிற் பயன்பட்ட உயர்ந்த மெல்லிய போத்தல் விளக்குகள் சரிந்து எண்ணெய் சிந்தித் தீப்பற்றியமையாற் பலர், சிறப்பாகச் சிறுவரும் பெண்களும், உடல் வெந்து மாண்டனர். இதனைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர, குட்டையும் பாரமும் உள்ளதாய், உருளாதவாறு இரு பக்கங்கள் தட்டையானதாய், திருகு மூடி உடையதாய் ஒரு கண்ணாடி விளக்கை அமைத்தார். அப்பணிக்காக 1998 இல் அவருக்கு உலகப் புகழ்பெற்ற றோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்வெட்டு நேரத்திற்கென எண்ணெய் விளக்கு வைத்திருப்போர், அது குட்டையாகவும் பாரமாகவும் மூடி இறுகியதாகவும் இருக்கின்றதா எனப் பார்த்துக்கொள்க.

கூடாத சிக்கனம்

சிக்கனம் எனும் பெயரால் செய்யத்தகாதனவும் உண்டு. மலைநாட்டிலே, நுவரெலியாப் பகுதியில், தை மாத இரவுகளிற் குளிர் 10 பாகைக்கும் கீழிறங்கும். வெப்பம் வெளியேறக்கூடாது என்று கதவு சன்னல்களை இறுக மூடி, அறையினுள் கரிச்சட்டியை வைத்து உறங்குவோர் உளர். கசிவை அடைத்துவிட்டோம் என அவர்கள் எண்ணுகின்றனர். காற்றுக் குறைந்த இடத்தில் எரியும் கரி காபனோரொட்சைட்டு எனும் வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பிணைந்துகொள்ளும். தலையிடி, மயக்கம், பின் உறக்கம். அவ்வுறக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. உறங்கும் அறையிற் கரியையோ எரிவாயு அடுப்பையோ மூட்டி வைத்தல் எந்நாளும் ஆகாது. கம்பளியும் காலுறையும், படுக்குமுன் சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிய இறப்பர்ப் பையும் செலவு குறைந்தவை, கேடற்றவை.

தோட்டங்களின் லயன் வீடுகளில் இவ்விழிப்பு இரு மடங்கு வேண்டும். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழ்வதால், ஓர் அறையிற் பற்றிய தீ ஒரு குடும்பத்தின் இழப்போடு நிற்பதில்லை. அங்கே பழைய கம்பியை மாற்றுதல் தனி ஒருவரின் சிக்கனக் கணக்குக்குள் அடங்குவதன்று. தோட்டத்தாரும் குடியிருப்போரும் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய பொதுக் கடமை.

இன்னும் இரண்டைச் சொல்லி நிறுத்துவோம். ஒருவரை மின் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலிற் பிரதான ஆளியை நிறுத்துங்கள். இயலாவிடின் உலர்ந்த தடியால் அவரை விலக்குங்கள். பின்னர் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். மின்னாற் பற்றிய தீயிலும் கொதிக்கும் எண்ணெய்த் தீயிலும் நீரை ஊற்றாதீர்கள். முன்னதற்கு மின்னைத் துண்டியுங்கள். பின்னதற்கு அடுப்பை நிறுத்தித் தாச்சியை மூடியால் மூடுங்கள்.

எமது வீட்டிலே றிப் சுவிச்சு மீண்டும் தன் இடத்திற்கு வந்துவிட்டது. புதிய புவிக்கம்பியும் இறக்கப்பட்டது. அவ்விளைஞர் அன்றைய வேலைக்குக் கூலி வாங்க மறுத்தார். தாமும் குற்றவாளி என அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அக்குற்றம் முழுவதும் எம்முடையது என்று அவரிடம் கூறினோம். வகுப்பிலும் ஒவ்வோர் ஆண்டும் கூறுகின்றோம். மாதந்தோறும் முதல் ஞாயிறு காலையில் அச்சிறு பொத்தானை அழுத்துபவர் எம் அன்னையார். சுவிச்சு விழும் ஓசை கேட்டபின்னரே அவர் அடுப்படிக்குப் போவார்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை. இவ்விதழை மடித்து வைத்துவிட்டு, வாசகர்களே, உங்கள் வீட்டுப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செருகிகளைத் தொட்டுப் பாருங்கள்; பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். அனைத்திற்கும் முன்பாக, குசினியில் நாள் முழுதும் நிற்பவர் அண்மையில் ஏதேனும் சொன்னாரா, அதை நாம் கேளாமல் விட்டோமா என்று அவரிடமே சென்று கேளுங்கள்.